குமரி மாவட்டக் காற்றைக் கணிக்க ஆய்வு நிதி: பணத்தை எதில் போடுவது?

பதிவு 1: நாஞ்சில்வேம்பு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலை அடுத்த கல்லூரி ஒன்றில் சூழலியல் கற்பித்து வருகிறேன். காற்றில் மிதக்கும் மகரந்தம், வாகனங்களும் செங்கல் சூளைகளும் முந்திரி ஆலைகளும் விடும் புகைத்துகள், தோட்டங்களுக்கும் வளிமண்டலத்துக்கும் இடையே நடக்கும் நீராவி, வெப்பம், கரியமில வாயுப் பரிமாற்றம் ஆகிய மூன்றையும் நம் மாவட்ட அளவில் ஒரே கணினி மாதிரிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இயற்பியல் துறை நண்பர்கள் இருவருடன் சேர்ந்து மூன்றாண்டுத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுசந்தன் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கோ மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்துக்கோ அனுப்பலாம் என்று இருக்கிறோம்.

இந்த எண்ணம் வகுப்பறையில் பிறந்தது. தை, மாசி மாதங்களில், ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்விடும் நாட்களில், குலசேகரம், அருமனை, திற்பரப்புப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் தும்மிக்கொண்டே வந்து உட்காருவார்கள். ஏன் என்று கேட்டால் "ரப்பர் பூத்திருக்கு டீச்சர்" என்பார்கள். உண்மையிலேயே ரப்பர்ப் பூவின் மகரந்தம்தானா, தோட்டத்தில் தூவும் கந்தகமா, இலையில் படரும் சாம்பல் பூஞ்சணத்தின் வித்துகளா, காலைப் பனியோடு பள்ளத்தில் தங்கிவிடும் புகையா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. விடை சொல்லும் அளவீடும் என் கையில் இல்லை.

உலகளாவிய மாதிரிகள் இருக்கின்றனவே என்று எங்கள் உள்குழுவில் ஒருவர் கேட்டார். ஐரோப்பாவின் கோபர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை தரும் உலகக் கணிப்பின் ஒரு கட்டம் 0.4 பாகை அளவுடையது. நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய 44 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட சதுரம், அதாவது 1,900 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் மாவட்டமோ சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். ஆக, குளச்சல் கடலும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் பேச்சிப்பாறை மலையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடக்கூடும். ஆரல்வாய்மொழியில் ஆனி ஆடியில் குடை விரிக்க முடியாத நேரத்தில் கீரிப்பாறையில் ஓர் இலை அசையாமல் நிற்பதை அந்த எண் எப்படிச் சொல்லும்?

இப்போதைய வரைவில், கேட்கும் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கருவிகளுக்குப் போகிறது: தோட்டத்துக்கும் காற்றுக்கும் இடையிலான பரிமாற்றத்தை மரஉச்சிக்கு மேலிருந்து அளக்கும் ஒரு பரிமாற்றக் கோபுரம், மாதிரியை ஓட்ட ஒரு சர்வர் கணினி, காற்றிலுள்ள மகரந்தத்தைப் பிடிக்கும் ஒரு மகரந்தப் பொறி. ஒரே ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) பணியிடம். இது சரியான பங்கீடுதானா என்று கருவி தொட்டவர்களும் கணக்கு எழுதியவர்களும் தயங்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2: சுங்கான்கடைமேடு

டீச்சருக்கு வணக்கம். பூனாவில் சில ஆண்டுகள் காற்றுத்தர மாதிரிகளை ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: சர்வர் கணினியை முதலில் வெட்டிவிடுங்கள்.

கணக்கிடும் திறனுக்கு இப்போது நாட்டில் பஞ்சமில்லை. 2024 செப்டம்பரில் பூனாவின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் அர்க்கா, நொய்டாவின் நடுத்தரக் கால முன்கணிப்பு மையத்தில் அருணிகா என்று இரண்டு மீக்கணினிகள் 850 கோடி ரூபாய்ச் செலவில் தொடங்கப்பட்டன. அதே மாதம் 2,000 கோடி ரூபாயில் மிஷன் மௌசம் என்ற வானிலைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கல்லூரி அறையில் ஏ.சி. ஓடினால் ஓடும், ஓடாவிட்டால் நிற்கும் சர்வரை வாங்கி வைப்பதைவிட, அங்கிருக்கும் ஒரு குழுவோடு கூட்டு வைத்துக்கொண்டு கணினி நேரம் கேட்பது மேல். மாதிரி மென்பொருளும் இலவசம். வெளியிலிருந்து மாவட்டத்துக்குள் வரும் காற்றைப் பற்றி மாதிரியின் எல்லையில் கொடுக்க வேண்டிய தரவும் கோபர்நிக்கஸிலிருந்து இலவசமாகவே கிடைக்கும்.

இலவசமாகக் கிடைக்காதது உள்ளூர்த் தரவுதான். அதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது நிலப்பயன்பாட்டு வரைபடம். செயற்கைக்கோள் வழி வரும் பொதுவான வகைப்பாட்டில் ரப்பருக்கென்று தனி வகை கிடையாது. பெரும்பாலும் அது பசுமை மாறா அகன்ற இலைக் காடு என்ற பெயரில்தான் உள்ளே போகிறது. பசுமை மாறாக் காடு என்று மாதிரி நம்பிக்கொண்டிருக்க, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் குலசேகரம் முழுக்க மொட்டைக் கிளைகளாக நிற்கும். இலை இல்லாவிட்டால் நீராவிப்போக்கு குறையும், தரை சூடாகும், துகள்கள் படிய இலைப்பரப்பு இருக்காது, மரக்கூட்டத்துக்குள் காற்று வேறு விதமாக நுழையும். பிள்ளைகள் தும்மும் அதே வாரங்களில்தான் மாதிரி தவறான காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அத்துடன், மரங்கள் விடும் ஆவிகளைக் கணக்கிடும் துணைமாதிரிகள் வெப்பமண்டல அகன்ற இலை மரம் என்றதும் ஐசோப்ரீன் என்ற ஆவியை அள்ளி விட்டுவிடும். ரப்பரோ மோனோடெர்பீன் என்ற வேறோர் ஆவியை மிகுதியாகவும் ஐசோப்ரீனைக் குறைவாகவும் விடும் மரம். அதையும் வெளிச்சம் இருக்கும்போதுதான் விடும். சீனாவின் யுன்னான் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் இதை அளந்திருக்கிறார்கள். மோனோடெர்பீன் காற்றில் வினைபுரிந்து நுண்துகளாக மாறுவதில் ஐசோப்ரீனைவிட முந்தி நிற்கும். ஆகவே மரத்தின் பெயர் மாறினால் துகளின் கணக்கும் மாறும்.

இரண்டாவது, மகரந்தத்தின் பருவம். பின்லாந்து வானிலை நிறுவனத்தின் சிலாம் மாதிரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிர்ச் மரம் எப்போது பூக்கும் என்பதை, வசந்தத்தில் நாள்தோறும் சேரும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போய், குறிப்பிட்ட தொகை வந்ததும் பூத்துவிட்டது என்று அது கணக்கிடும். குளிர்நாட்டுக்கு அது அழகான வழி. நம் தென்னையிடம் அந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை, மாதத்துக்கு ஒன்று என்று ஆண்டு முழுவதும் அது வெடித்துக்கொண்டே இருக்கும். தென்னைக்குப் பருவம் என்று தனியாக ஒன்று இல்லாதபோது, காற்றில் அதன் அளவை ஏற்றி இறக்குவது மழையும் காற்றின் திசையுமே. இதை எழுத வெளிநாட்டுச் சமன்பாடு உதவாது. இங்கேயே எண்ணிப் பார்த்தால்தான் உண்டு.

பதிவு 3: தேன்பெட்டி_மார்த்தாண்டம்

படிப்பாளிகள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேனீ வளர்க்கிறோம். ரப்பர்ப் பூவால் தும்மல் வருகிறது என்ற பேச்சைப் பற்றி ஒரு செய்தி.

ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் எடுக்கும் தேன் பூவிலிருந்து வருவது அன்று. தளிர் இலையில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். தளிர் முற்றும் வரை அவற்றில் தேன்துளி ஊறும். காலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பளபளவென்று தெரியும். தேனீ பூவை விட்டு அதைத்தான் நக்கும். அதனால் ரப்பர்ப் பருவத்தில் பெட்டி தேனால் கனக்கும், ஆனால் அடையில் மகரந்தம் குறைவாகவே இருக்கும். சுற்றிலும் தென்னை விளை இருக்கும் தோட்டமாகப் பார்த்துப் பெட்டி வைப்பதே அந்தக் குறையை ஈடுகட்டத்தான். தேனீயின் காலில் ஒட்டி வரும் மஞ்சள் உருண்டையில் தென்னை எது, புளி எது என்று நிறத்தை வைத்தே எங்கள் அம்மா சொல்லிவிடுவார்.

காற்றில் ரப்பர் மகரந்தம் அவ்வளவு பறக்கும் என்றால் அது முதலில் எங்கள் பெட்டியில் தெரிய வேண்டாமா என்பது என் கேள்வி.

பதிவு 4: நாஞ்சில்வேம்பு

அண்ணன், நீங்கள் சொன்னது என் விண்ணப்பத்தின் முதல் பத்தியையே மாற்ற வைத்துவிட்டது. ரப்பரில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் சிறு பூச்சிகளால்தான் நடக்கிறது. அதன் மகரந்தம் ஒட்டும் தன்மையுடையது. காற்றில் நெடுந்தூரம் போகும் புல், சவுக்கு மகரந்தங்களைப் போன்றதன்று. பாடமாக நடத்தியிருக்கிறேன், ஆனால் பிள்ளைகளின் தும்மலோடு சேர்த்து யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: தேனீ கொண்டுவராதது எல்லாம் காற்றில் இல்லை என்று ஆகிவிடாது. புல், சவுக்கு மகரந்தத்தைத் தேடித் தேனீ அதிகம் போவதில்லை. ஆனால் மூக்கைத் தாக்குவதில் அவைதான் முன்வரிசை. உங்கள் பெட்டியும் எங்கள் பொறியும் வெவ்வேறு மகரந்தங்களைப் பிடிக்கும் இரண்டு வலைகள்.

சுங்கான்கடையாரே, சர்வரை வெட்டிவிட்டேன்.

பதிவு 5: குளச்சல்கரை

கேட்கக் கசப்பாக இருக்கலாம், ஆனாலும் ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். பாறையும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் கனரக லாரிகள் இரவும் பகலும் சாலையைத் தூளாக்கிக்கொண்டிருக்கின்றன. என் மகனுக்கு ஏழு வயது. மாதத்துக்கு இரண்டு முறை நெபுலைசர் வைக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இந்த நிலையில் பூந்தாது எண்ணுவதற்கு அரசுப் பணமா? முதலில் புழுதியை அளக்கச் சொல்லுங்கள். இணையத்தில் நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்கு விற்கும் சென்சார் ஒன்றை வாங்கி மாடியில் வைத்திருக்கிறேன். பல காலைகளில் அது சிவப்பு நிறத்தில்தான் நிற்கிறது.

பதிவு 6: சுங்கான்கடைமேடு

குளச்சல்கரை ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. இரண்டையும் சேர்த்து அளக்காவிட்டால் உங்கள் மகனுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் பாருங்கள்.

காற்றுத்தர நிலையங்களில் துகளை அளக்கும் பிஎம்10 கருவியின் நுழைவாயில், பெயருக்கேற்ப, 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மேற்பட்ட துகள்களைத் தள்ளிவிடும். புல்லின் மகரந்தம் முப்பது, நாற்பது மைக்ரான் இருக்கும். ஆகவே காற்றுத்தர நிலையத்தில் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முழு மகரந்தம் அதில் எண்ணப்படுவதே இல்லை. அதே மகரந்தம் ஈரம் குடித்து வெடித்தால் உள்ளிருக்கும் துணுக்குகள் 2.5 மைக்ரானுக்கும் கீழே போய் நுரையீரலின் ஆழத்துக்கு இறங்கிவிடும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடியோடு வந்த காற்று புல் மகரந்தத்தை இப்படி உடைத்து நகரத்தின் மேல் இறக்கியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிகளுக்கு ஓட, பத்துப் பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டிலேயே விக்டோரியா மாநில அரசு பணம் ஒதுக்கி, மகரந்த எண்ணிக்கையையும் இடிமழைக் கணிப்பையும் இணைத்து எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. அதே கதை இங்கே நடக்கும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மகரந்தமும் வானிலையும் நோயும் ஒரே மேசைக்கு வருவதற்கு அங்கே பத்து உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் மாடிச் சென்சாரைப் பற்றியும் ஒரு சொல். மலிவான சென்சார்கள் துகளின் மேல் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடுகின்றன. கடலோரத்துக் காற்றில் உப்புத்துகள் உண்டு; விடியற்காலை ஈரத்தில் அது நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும்; சென்சார் அதைப் பெரிய அழுக்கு என்று எண்ணிக்கொள்ளும். சிவப்பு முழுவதும் பொய் என்று சொல்லவில்லை. ஈரப்பதத்தையும் பக்கத்திலேயே அளந்து, ஒருமுறை தரமான கருவியின் அருகில் வைத்து ஒப்பிட்டுத் திருத்தாமல் அந்த எண்ணைக் கொண்டு சண்டை போடாதீர்கள். எதிர்த்தரப்பு இந்த ஒரு காரணத்தைச் சொல்லியே உங்களை ஒதுக்கிவிடும். டீச்சரின் திட்டத்தில் அந்த ஒப்பீட்டுக்கு ஒரு நல்ல கருவி இருந்தால், மாவட்டத்தில் உங்களைப் போல மாடியில் சென்சார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அது பயன்படும். அதை விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

பதிவு 7: நுண்ணோக்கிக்காரி

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பொறியை வாங்குவது பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். அதற்கு அடுத்த நாள் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். வேறு மாவட்டம் ஒன்றில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில், மகரந்தம் எண்ணும் வேலையில் இருந்தேன்.

ஹிர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1952-இல் வடிவமைத்த பொறிதான் இன்றும் உலகெங்கும் அடிப்படை. அவர் அதைச் செய்தது மனிதரின் தும்மலுக்காக இல்லை. பயிர்நோய்ப் பூஞ்சை வித்துகளைப் பிடிக்க. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் காற்றை ஒரு சிறு பிளவு வழியே உறிஞ்சும். உள்ளே பசை தடவிய நாடா சுற்றிய உருளை மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும். ஒரு நாளுக்கு 48 மில்லிமீட்டர், ஏழு நாளுக்கு ஒரு சுற்று. வாரம் தவறாமல் ஒருவர் மாடி ஏறி உருளையை மாற்ற வேண்டும். நாடாவை நாளுக்கு ஒரு துண்டாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இளஞ்சிவப்புச் சாயம் கலந்த ஜெலட்டினைச் சூடாக்கி ஊற்றி, மூடுகண்ணாடி வைக்க வேண்டும். குமிழி விழுந்தால் அந்த இரண்டு மணி நேரக் காற்று போய்விட்டது என்று பொருள்.

பிறகு எண்ண வேண்டும். சாயம் ஏறிய மகரந்தம் ரோஜா நிறத்தில் தெரியும். சாயம் ஏறாத கரித்துகள் கறுப்பாகவே கிடக்கும். அருகில் சூளை இருந்தால் கறுப்புக்கு நடுவே ரோஜாவைத் தேட வேண்டியிருக்கும். தென்னை படகுபோல நீண்டு ஒரே கோட்டுப்பள்ளத்தோடு கிடக்கும். புல் உருண்டையாக ஒரே துளையோடு இருக்கும். சவுக்குக்கு மூன்று துளை. ஒரு தகட்டை ஒழுங்காகப் பார்க்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தகடு முழுவதையும் யாரும் எண்ணுவதில்லை. பத்தில் ஒரு பங்கை எண்ணி விரிப்போம். ஒரு நாளில் பொறி இழுக்கும் காற்று 14.4 கனமீட்டர். பத்தில் ஒரு பங்கில் நான் ஒரு மகரந்தத்தைத் தவறவிட்டால் கனமீட்டருக்கு 0.7 என்ற அளவில் எண்ணிக்கை குறையும். களைத்த கண்ணுக்கு ஒன்று மட்டும்தான் தவறும் என்று நினைக்கிறீர்களா?

எங்கள் திட்டத்தில் பொறி புத்தம் புதியது. அதற்கு மின்சாரம் போனால் தாங்கும் இன்வெர்ட்டர் வாங்கும் செலவு திட்டத்தின் எந்தச் செலவுத் தலைப்பிலும் இல்லை. மின்சாரம் நின்றால் பம்பு நின்றுவிடும். சாவி கொடுத்த கடிகார உருளையோ ஓடிக்கொண்டே இருக்கும். நாடாவில் அந்த நேரம் வெறுமையாக வரும். காற்றில் மகரந்தம் இல்லாததால் வெறுமையா, காற்றே வராததால் வெறுமையா என்று நுண்ணோக்கியில் தெரியாது. வீட்டிலிருந்து நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய், மின்சாரம் போன நேரத்தைக் காவலாளி அண்ணனிடம் கேட்டு எழுதி வைத்தேன். பின்னாளில் அந்தத் திட்டத்தில் மிஞ்சிய மிக நம்பகமான ஆவணம் அதுதான். மூன்றாம் ஆண்டு நிதி வரத் தாமதமானது, எனக்குச் சம்பளம் நின்றது, நான் விலகினேன். எண்ணாத தகடுகள் ஐந்து பெட்டிகளில் அலமாரியில் இருந்தன. அடுத்த மழைக்காலத்தில் அவற்றில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

டீச்சர், ஒரு ஜே.ஆர்.எஃப். மட்டும் போட்டால், அவர் காலையில் தகடு எண்ணி, மதியம் கோபுரம் ஏறி, இரவில் மாதிரி ஓட்டுவார் என்று எதிர்பார்க்கிறீர்களா?

பதிவு 8: வரவுசெலவு

ஆய்வு நிதிக் கணக்கை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், மூத்தநிலை வந்தால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அதற்குத் தேசியத் தகுதித் தேர்வோ கேட் தேர்வோ தேறியிருக்க வேண்டும். தகடு எண்ணத் தேர்வு தேறியவர் வேண்டாம். பழகிய கண் வேண்டும். ஆகவே களப்பணி உதவியாளர், ஆய்வக உதவியாளர் என்று தனித்தனியே கேளுங்கள். எதற்கு என்பதை நுண்ணோக்கிக்காரி அம்மா எழுதியது போல மணிக்கணக்கில் காட்டுங்கள். மதிப்பீட்டுக் குழு கருவிக்குத் தலையாட்டிவிட்டு ஆட்களை வெட்டுவது வழக்கம். மணிக்கணக்கு இருந்தால் வெட்டக் கை கூசும்.

இன்வெர்ட்டரைக் கருவியின் துணைப்பொருளாக அதே விலைப்புள்ளியில் கேட்டு வாங்குங்கள். பிறகு தனியாகக் கேட்டால் தலைப்பு மாற்றம், ஒப்புதல் என்று ஆறு மாதம் போகும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் மூன்றாண்டுக்கு முன்கூட்டியே விலை வாங்கிச் சேருங்கள். மார்ச் 31-க்கு முந்தைய இரண்டு மாதங்களில் எந்த இறக்குமதியும் வைத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் ஒரு வாரம் தாமதமானால் நிதியைச் செலவிட்டதற்கு அந்த ஆண்டு தர வேண்டிய பயன்பாட்டுச் சான்றிதழ் சிக்கலாகும்.

பதிவு 9: கோதையாறு_ஓடை

கோபுரம் பற்றி யாரும் பேசவில்லையே என்று வருகிறேன். கேரளத்தில் ஒரு தோட்டத்தில் இத்தகைய கோபுரத்தோடு வேலை செய்தவன்.

எடி கோவேரியன்ஸ் என்ற முறையின் சாரம் இது: மரஉச்சிக்கு மேலே, ஒலியலைக் காற்றளவி ஒன்றும் வாயுப் பகுப்பி ஒன்றும் நொடிக்குப் பத்து அல்லது இருபது முறை காற்றின் மேல்கீழ் அசைவையும் அதில் கலந்த நீராவி, கரியமில வாயு அளவையும் சேர்த்துப் பதியும். மேலேறும் சுழல் எவ்வளவு சுமந்து போகிறது, கீழிறங்கும் சுழல் எவ்வளவு கொண்டுவருகிறது என்று அரை மணி நேரத்துக்குக் கூட்டிக் கழித்தால் தோட்டத்தின் நிகரப் பரிமாற்றம் கிடைக்கும். இதற்குத் தரை சமமாகவும், சுற்றிலும் நல்ல தூரத்துக்கு ஒரே பயிராகவும் இருக்க வேண்டும். மேற்குக் குமரியில் அப்படி ஓர் இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். ஒரு குன்று, ஒரு ஓடை, ரப்பர், நடுவில் ஒரு வாழைத்தோட்டம், அந்தப்பக்கம் ஏலாவில் (பள்ளத்து வயலில்) நெல் என்று நூறு அடிக்கு ஒரு நிலம் மாறும். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்துக்குப் போய்விடும். மரங்கள் இரவில் விட்ட கரியமில வாயு கோபுரத்தின் கண்ணில் படாமல் ஓடையோடு இறங்கிவிடும். நல்ல சமதளத்திலேயே, வரும் வெயிலின் ஆற்றலையும் வெளியேறும் ஆற்றலையும் ஒப்பிடும் கணக்கில் பத்து முதல் முப்பது விழுக்காடு வரை துண்டு விழுவது வழக்கம். மலைச்சரிவில் அது இன்னும் மோசமாகும்.

அந்தப் பள்ளக்காற்றே டீச்சரின் முதல் கேள்விக்கு ஒரு விடையாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. தை மாதம் காலை ஆறரை மணிக்குப் பேச்சிப்பாறைச் சாலையில் ஒரு மேட்டில் நின்று பாருங்கள். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரைகளிலிருந்து வரும் நீலப்புகை மேலே எழாமல், ஒரு பனையளவு உயரத்தில் மூடி போட்டது போல மடங்கிப் பள்ளம் முழுக்கப் படுத்திருக்கும். ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் அதற்குள்தான் நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் மூடி கழன்று காணாமல் போகும். மரங்கள் மொட்டையாக நிற்பதால் தரையின் வெப்பம் இரவில் தங்குதடையின்றி வானுக்குப் போய்விடுகிறது, அதனால் மூடி இன்னும் தாழ்கிறது என்பது என் ஊகம். இதைச் சோதிக்க முழுக் கோபுரம் வேண்டாம். பள்ளத்தில் ஒன்று, சரிவில் ஒன்று, மேட்டில் ஒன்று என வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் எளிய கருவிகள் மூன்றும், ஒரு நல்ல துகளளவியும் போதும்.

கோபுரம் வேண்டும் என்றே முடிவு செய்தால், திறந்தவழி வாயுப் பகுப்பியை வாங்காதீர்கள். மழைத்துளி கண்ணாடியில் பட்டால் அது குருடாகிவிடும். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை, துலாமழை என்ற வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற ஊரில் ஆண்டில் பாதிநாள் தரவு கிடைக்காது. மூடியவகைதான் சரிப்படும். இடிதாங்கியை மறந்துவிட வேண்டாம். நாங்கள் மறந்தோம், ஒரு ஐப்பசி மாலையில் அதற்கான விலையைக் கொடுத்தோம்.

பதிவு 10: ரப்பர்விவசாயி_அருமனை

ஒரே ஒரு கவலை. ரப்பர் மரம் ஆவி விடுகிறது, அது நுண்துகளாகிறது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு "காற்றைக் கெடுக்கும் ரப்பர்" என்று பத்திரிகையில் தலைப்பு வந்தால் எங்கள் நிலை என்ன? விலையோடு போராடுவதே போதும் போதும் என்றிருக்கிறது.

பதிவு 11: சுங்கான்கடைமேடு

நல்ல கேள்வி, அண்ணன். மரம் விடும் ஆவி தானாக ஓசோனாக மாறிவிடாது. அதற்கு வண்டிப்புகையிலும் சூளைப்புகையிலும் வரும் நைட்ரஜன் ஆக்சைடு வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உள்ள இடத்தில் மரத்தின் ஆவி கூடினாலும் ஓசோன் கூடுவதில்லை. சில வேளைகளில் இருக்கும் ஓசோனையும் அது தின்றுவிடும். தோட்டத்துக் காற்று நெடுஞ்சாலைக் காற்றோடு கலக்கும் இடத்தில்தான் கணக்கு மாறும். அங்கேயும் குறைக்கக்கூடியது வண்டிப்புகையே. இதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடும்படி டீச்சரைக் கேட்டுக்கொள்கிறேன், தலைப்புப் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தைத்தான் படிப்பார்கள்.

இன்னொன்று: பொறி பிடிப்பது மகரந்தத்தை மட்டுமன்று, சாம்பல் பூஞ்சணத்தின் வித்துகளையும்தான். வித்து காற்றில் ஏறும் நாளை மூன்று நாள் முன்னதாகச் சொல்ல முடிந்தால் கந்தகம் தூவ வேண்டிய நாள் உங்களுக்குத் தெரியும். தேவையற்ற நாளில் தூவும் செலவும் மிஞ்சும், தூவுகிறவரின் மூச்சும் மிஞ்சும்.

பதிவு 12: நாஞ்சில்வேம்பு

மூன்று நாட்களாக இந்த இழையை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைவைத் திருத்தினேன்.

சர்வர் போய்விட்டது. பரிமாற்றக் கோபுரத்தையும் இந்த மூன்றாண்டிலிருந்து எடுத்துவிட்டேன். என் இயற்பியல் நண்பர்களில் ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பரிமாற்றத்துக்கு, ரப்பரின் இலையுதிர்வையும் தளிர்ப்பையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை களத்தில் அளந்து, அந்த இலைப்பரப்புக் குறியீட்டை (ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை என்பதை) மாதிரிக்குள் கொடுப்பதோடு முதல் கட்டத்தை நிறுத்திக்கொள்கிறோம். காட்டின் பெயரைத் திருத்தாமல் கோபுரம் நட்டு என்ன பயன் என்ற கேள்விக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. மகரந்தப் பொறி ஒன்றுக்குப் பதில் இரண்டு: ஒன்று குலசேகரம் பக்கத்தில், மற்றொன்று நாகர்கோவிலில். இன்வெர்ட்டரும் பராமரிப்பும் அதே விலைப்புள்ளியில் இருக்கின்றன. கோதையாற்றார் சொன்ன மூன்று வெப்பமானிகளும், மாடிச் சென்சார்களை ஒப்பிட்டுத் திருத்த ஒரு தரமான துகளளவியும் சேர்ந்துவிட்டன. குளச்சல்கரை ஐயா முதல் ஆளாகத் தம் சென்சாரைக் கொண்டுவர வேண்டும்.

ஆட்கள்: ஒரு ஜே.ஆர்.எஃப்., இரண்டு ஆய்வக உதவியாளர்கள், ஒரு களப்பணியாளர். கருவியின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்றாண்டு முடிந்த பிறகும் ஆறு மாதம் எண்ணுவதற்கு உதவியாளர் சம்பளத்தை எந்தத் தலைப்பில் கேட்பது என்று வரவுசெலவு ஐயா சொன்னால் அந்த வரியையும் நிரப்பிவிடுவேன்.

நுண்ணோக்கிக்காரி அம்மா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். உதவியாளர்களுக்குப் பழக்கிவிட யாராவது வேண்டும்.

பதிவு 13: தேன்பெட்டி_மார்த்தாண்டம்

டீச்சர், குலசேகரத்தில் பொறி வைக்க மாடி தேடுவதாக இருந்தால் என் மச்சான் வீட்டு மாடி இருக்கிறது. மூன்று பக்கமும் ரப்பர், ஒரு பக்கம் தென்னை விளை. புகைப்புரை இருநூறு அடி தள்ளி. மின்சாரம் போவதை எழுதி வைக்க அத்தை இருக்கிறார், அவர் எப்போதும் வீட்டில்தான். தளிர் முற்றுவதற்குள் வந்து பாருங்கள். அதற்குப் பிறகு பெட்டிகளை இறக்கிவிடுவோம், ஒப்பிட்டுப் பார்க்க அடையில் ஒன்றும் இருக்காது.

பதிவு 14: வரவுசெலவு

நீட்டிப்பு ஆறு மாதத்தைப் பின்னால் கேட்க வேண்டாம். திட்டக் காலத்தையே மூன்று ஆண்டு என்று வைத்துக்கொண்டு, பொறி ஓடும் காலத்தை முப்பது மாதம் என்று எழுதுங்கள். கடைசி ஆறு மாதம் எண்ணும் காலம் என்று கால அட்டவணையிலேயே காட்டிவிடுங்கள். சம்பளம் அதே தலைப்பில் ஓடும்.